மஞ்சள் விளக்கும் ஓர் எச்சரிக்கையே

2016 ஜனவரி மாத இறுதியில் கோவண்டி, செம்பூர், மான்குர்த் பகுதி மக்கள் பல நாள்கள் கண்ணெரிச்சலுடனும் இருமலுடனும் பொழுதைக் கழித்தனர். 1927-ஆம் ஆண்டு முதல் மும்பை மாநகரின் கழிவுகளைச் சுமந்துவரும் தேவ்னார் குப்பைக் கிடங்கில் பற்றிய தீ எளிதில் அடங்கவில்லை. வட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. அங்கிருந்து எழுந்த புகைமண்டலம் செயற்கைக்கோள் படங்களிலும் தெரிந்தது. அந்தத் தீ ஒருவாறு அணைந்தது. ஆயினும் கோவண்டியின் காற்றில் புகையும் தூசியும் இன்றளவும் குறைந்தபாடில்லை.

இத்தகைய வட்டாரத்தில் வாழ்பவர்களுக்குப் புகை புதிதன்று. புகை நாற்றம் வந்தால் எழுந்து ஓடுவதற்குப் பதிலாக ஜன்னலைச் சாத்திவிட்டு வேலையைத் தொடர்வதே இங்கு வழக்கம். தீ எச்சரிக்கைக் கருவிகளின் விஷயத்திலும் இதே மனநிலை நம்மிடம் வேரூன்றிவிட்டது. கருவி ஒலித்தால், "அது எப்போதும் அப்படித்தான்" என்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கோவண்டியில் பல மாடிக் கட்டடம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். தரைத்தளத்தில் கடைகள். அதற்கு மேல் தையல், ஜரிகை வேலைப்பாடு, பை தயாரிப்பு ஆகியவை நடைபெறும் சிறு கூடங்கள். அவற்றுக்கும் மேலே குடியிருப்புகள். நுழைவாயிலை ஒட்டிய காவலாளி அறையின் சுவரில் தீ எச்சரிக்கை அமைப்பின் கட்டுப்பாட்டுப் பேனல் பொருத்தப்பட்டுள்ளது. ஓரிரவு பதினொரு மணிக்கு அப்பேனலின் பஸ்ஸர் விட்டுவிட்டு ஒலிக்கிறது. சிவப்பு விளக்கு எரியவில்லை. மஞ்சள் விளக்கு மட்டுமே எரிகிறது. காவலாளி எழுந்து ஒலியை நிறுத்தும் பொத்தானை அழுத்துகிறார். அமைதி திரும்புகிறது. காலையில் பணிக்கு வருபவரிடம் அவர் அதைச் சொல்ல மறந்துவிடுகிறார். மூன்று மாதங்களுக்குப் பிறகும் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது; அதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

அந்த விளக்கு சொல்ல முயன்றது என்ன? தீ எச்சரிக்கை அமைப்புகளைத் தொலைவிலிருந்து கண்காணிப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் இத்தகைய அவசரமற்ற அறிவிப்புகளை எவ்வாறு கையாளுகின்றன? அவற்றின் நடைமுறையிலிருந்து குடியிருப்போர் சங்கங்களும் சிறுதொழில் முனைவோரும் கடைக்காரர்களும் கற்றுக்கொள்ளத்தக்கவை எவை? இவற்றையே இக்கட்டுரையில் காண்போம்.

மூன்று வகைச் சமிக்ஞைகள்

தீ எச்சரிக்கை அமைப்பு அனுப்பும் சமிக்ஞைகள் பெரும்பாலும் மூன்று வகைப்படும். முதலாவது, தீச் சமிக்ஞை. புகை அல்லது வெப்பத்தைக் கருவி உணர்ந்துவிட்டது, அல்லது ஒருவர் கண்ணாடியை உடைத்துப் பொத்தானை அழுத்திவிட்டார் என்பது இதன் பொருள். இதற்கு அடையாளம் சிவப்பு விளக்கு.

இரண்டாவது, மேற்பார்வைச் சமிக்ஞை. தீயை அணைப்பதற்கென அமைக்கப்பட்ட ஏற்பாடுகளில் ஒன்று இருக்கவேண்டிய நிலையில் இல்லை என்பதை இது தெரிவிக்கிறது. ஸ்பிரிங்க்ளர் குழாயின் வால்வை யாரோ மூடிவிட்டிருக்கலாம். மாடித் தொட்டியில் தீயணைப்புக்கென ஒதுக்கிய நீர் குறைந்திருக்கலாம். தானாக இயங்கவேண்டிய நீரேற்று பம்பின் சுவிட்ச் அணைக்கப்பட்டிருக்கலாம். தீ இல்லை என்பது உண்மைதான். ஆனால் தீ வந்தால் தண்ணீர் வராது என்பதை அமைப்பு முன்கூட்டியே சொல்கிறது.

மூன்றாவது, பழுதுச் சமிக்ஞை. இது அமைப்பு தன் உடல்நலத்தைப் பற்றியே தெரிவிக்கும் செய்தி. மின்சாரம் நின்றுவிட்டது, பேட்டரி வலுவிழந்துவிட்டது, கம்பி அறுந்துவிட்டது, ஓர் உணர்கருவி கழற்றப்பட்டுவிட்டது, தொலைத்தொடர்பு துண்டிக்கப்பட்டுவிட்டது என்பன போன்றவை இவ்வகையில் அடங்கும்.

கம்பி அறுந்ததை அமைப்பு எவ்வாறு அறிகிறது என்று வியப்பு எழலாம். பேனலிலிருந்து உணர்கருவிகளுக்குச் செல்லும் கம்பிகளில் எந்நேரமும் மிகச் சிறிய மின்னோட்டம் பாய்ந்துகொண்டே இருக்கும். வரிசையின் கடைசியில் ஒரு சிறு மின்தடையம் பொருத்தப்பட்டிருக்கும். எலி கடித்தோ, பூச்சுவேலையின்போதோ கம்பி அறுந்தால் அந்த மின்னோட்டம் நின்றுவிடும். நின்றதை உணர்ந்த பேனல் மஞ்சள் விளக்கை எரியவிடும். அறுந்த இடத்துக்கு அப்பாலுள்ள உணர்கருவிகள் அந்நேரம் முதல் வெறும் அலங்காரப் பொருள்களே. நம் எடுத்துக்காட்டில் மூன்று மாதம் எரிந்த விளக்கின் செய்தி இதுவாகவும் இருந்திருக்கக்கூடும்.

கோவண்டி போன்ற இடங்களில் அடிக்கடி நேரும் மற்றொன்று, தூசி படிந்த உணர்கருவி. இன்று பரவலாகப் பயன்படும் புகை உணர்கருவியின் உள்ளே சிறிய இருட்டறை ஒன்று உண்டு. அதில் ஒளிக்கதிர் ஒன்று பாய்ந்துகொண்டிருக்கும். புகை நுழைந்தால் ஒளி சிதறும். அச்சிதறலைக் கருவி கண்டுகொள்ளும். புகையைப் போலவே தூசியும் ஒளியைச் சிதறடிக்கும். சற்று மேம்பட்ட அமைப்புகளில், தூசி சேரச் சேரக் கருவி தன் அளவீட்டைத் தானே சரிசெய்துகொண்டு, இனி இயலாது என்னும் கட்டத்தில் "என்னைத் தூய்மை செய்யுங்கள்" என்று பழுதுச் சமிக்ஞை அனுப்பும். அதைப் புறக்கணித்தால் தீயில்லாமலேயே மணி அடிக்கத் தொடங்கும். நான்கு முறை வீணாக அடித்த மணியை ஐந்தாம் முறை யாரும் நம்பமாட்டார்கள். அந்த ஐந்தாம் முறையில்தான் ஆபத்து இருக்கிறது.

கண்காணிப்பு மையத்தில் நடப்பது என்ன?

நம் நாட்டில் வங்கிக் கிளைகள், ஏ.டி.எம். மையங்கள், நகைக்கடைகள், பெருங்கிடங்குகள் முதலியவற்றின் எச்சரிக்கை அமைப்புகள் பல இடங்களில் தொலைதூரக் கண்காணிப்பு மையங்களோடு இணைக்கப்பட்டுள்ளன. அமெரிக்கா போன்ற நாடுகளில் இது நெடுங்காலமாக வேரூன்றிய தொழில். மையத்தின் திரையில் வந்து விழும் செய்திகளில் தீச் சமிக்ஞைகள் சொற்பமே. பழுது, மேற்பார்வை, சோதனை ஆகிய அறிவிப்புகளே மிகுதி.

தீச் சமிக்ஞை வந்தால் செய்யவேண்டியது தெளிவானது: தீயணைப்புத் துறைக்கு உடனே தகவல் கொடுக்கவேண்டும். அவசரமற்ற சமிக்ஞை வந்தால் தீயணைப்பு வண்டியை அழைப்பதில்லை. மையத்தின் பணியாளர் அந்த வாடிக்கையாளரின் கோப்பைத் திறக்கிறார். பழுது ஏற்பட்டால் யாரை முதலில் அழைப்பது, அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்ற பட்டியல் அதில் இருக்கும். அழைப்பவர், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எந்தக் கருவியிலிருந்து, என்ன சமிக்ஞை வந்தது என்பதைச் சொல்கிறார். கேட்டவரின் பெயரையும் அவர் அளித்த பதிலையும் பதிவு செய்கிறார். பழுது நீங்கியதற்கான சமிக்ஞை திரும்பி வரும்வரை அந்தப் பதிவு முடிக்கப்படுவதில்லை.

அமெரிக்கத் தேசியத் தீத் தடுப்புச் சங்கத்தின் 72-ஆம் எண் நெறிமுறை இதற்குக் கால எல்லையும் வகுத்துள்ளது. முழுமையான மைய நிலையச் சேவை பெறும் கட்டடத்தில் மேற்பார்வைச் சமிக்ஞை எழுந்தால், உரியவர்களுக்கு உடனே தெரிவிப்பதோடு, இரண்டு மணி நேரத்துக்குள் ஒருவர் நேரில் சென்று பார்க்கவேண்டும். பழுதுச் சமிக்ஞை என்றால் நான்கு மணி நேரத்துக்குள் பராமரிப்பாளர் அங்கு இருக்கவேண்டும். அமைப்பு எட்டு மணி நேரத்துக்கு மேல் செயலிழந்திருந்தால் வாடிக்கையாளருக்கும் தீயணைப்புத் துறைக்கும் அறிவிக்கவேண்டும். அவசரமற்றது என்பதற்கு "ஆற அமரப் பார்க்கலாம்" என்று பொருளில்லை என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

மையம் கவனிக்கும் மற்றொரு செய்தி, வராமற்போன செய்தி. ஒவ்வோர் அமைப்பும் குறித்த இடைவெளியில் "நான் நலம்" என்று சோதனைச் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதை யாரும் தனித்தனியே பார்ப்பதில்லை. ஆனால் உரிய நேரத்தில் அது வந்துசேராவிட்டால் கணினி உடனே சுட்டிக்காட்டும். தொடர்புக்கு ஒரே ஒரு வழி மட்டும் உள்ள அமைப்பாயின், அவ்வழி துண்டிக்கப்பட்டது 60 நிமிடங்களுக்குள் தெரியவேண்டும் என்கிறது மேற்கண்ட நெறிமுறை. நாள்தோறும் ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் தாய் ஒருநாள் பேசாவிட்டால் நாம் பதறுவதில்லையா? அதைப் போன்றதே இதுவும்.

ஒரே நாளில் ஊரே இருண்டால்?

2020 அக்டோபர் 12 அன்று காலையில் மும்பை மாநகரமும் சுற்றுப்பகுதிகளும் ஒருசேர மின்சாரம் இழந்தன. புறநகர் ரயில்கள் பாதை நடுவே நின்றன. அத்தகைய நாளில் நகரிலுள்ள ஒவ்வொரு பேனலும் "மின்சாரம் இல்லை" என்று ஒரே நேரத்தில் அறிவித்தால் கண்காணிப்பு மையத்தின் நிலை என்னவாகும்? ஆயிரக்கணக்கான மின்தடை அறிவிப்புகளுக்கு இடையே ஓர் உண்மையான தீச் சமிக்ஞை மறைந்துபோகக்கூடும்.

இதற்காகவே மின்தடை அறிவிப்பை மட்டும் 60 நிமிடம் முதல் 180 நிமிடம்வரை தாமதித்து அனுப்புமாறு நெறிமுறை கூறுகிறது. அதற்குள் மின்சாரம் திரும்பிவிட்டால் செய்தி போகவே போகாது. திரும்பாவிட்டால், பேட்டரி தீர்வதற்கு முன் நடவடிக்கை எடுக்கப் போதிய அவகாசம் இருக்கும். நல்ல நிலையில் உள்ள பேட்டரி இருந்தால்தான் இந்தத் தாமதம் பாதுகாப்பானது. வலுவிழந்த பேட்டரியைப் பற்றிய மஞ்சள் விளக்கைப் பல மாதங்கள் பாராதிருந்த கட்டடத்தில், மின்சாரம் நின்ற சிறிது நேரத்திலேயே முழு அமைப்பும் உறங்கிவிடும்.

இதைப் போன்ற மற்றொரு தொல்லை, ஓயாமல் வரும் சமிக்ஞை. தளர்ந்த இணைப்புடைய ஒரு கருவி நிமிடத்துக்கு ஒருமுறை பழுது என்றும், சரியாயிற்று என்றும் மாறிமாறி அறிவித்துக்கொண்டிருக்கும். மையத்தினர் வாடிக்கையாளரின் ஒப்புதலோடு அந்த ஒரு கருவியைக் குறித்த நேரம்வரை சோதனை நிலையில் வைப்பதுண்டு. எந்நேரத்தில் அது மீண்டும் கண்காணிப்புக்கு வரவேண்டும் என்பதை அப்போதே எழுதிவைப்பார்கள். கட்டடத்தில் வெல்டிங், மரத்தூள் பறக்கும் தச்சுவேலை, வண்ணப்பூச்சு ஆகியவை நடக்கும்போதும் இதே முறைதான். முடிவு நேரம் குறிக்காமல் அணைத்துவைக்கப்படும் அமைப்பு, பெரும்பாலும் அணைந்தே கிடக்கும்.

வகை பிரிக்கத் தவறியபோது

1988 மே 4 இரவு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 62 மாடிகள் கொண்ட ஃபர்ஸ்ட் இன்டர்ஸ்டேட் வங்கிக் கட்டடம். அங்கு ஸ்பிரிங்க்ளர் பொருத்தும் பணி ஏறக்குறைய 90 விழுக்காடு முடிந்திருந்தது. ஆனால் வால்வுகள் மூடப்பட்டிருந்தன. இரவு பத்தரை மணியளவில் 12-ஆம் தளத்தின் புகை உணர்கருவி எச்சரித்தது. வேலையாட்களால் நேர்ந்த வீண் சமிக்ஞை என்று எண்ணிய பாதுகாவலர்கள் அதை நிறுத்தி மீட்டமைத்தனர். அது மீண்டும் எச்சரித்தது, மீண்டும் மீட்டமைத்தனர். என்னவென்று பார்த்துவரப் பராமரிப்புப் பணியாளர் ஒருவர் சரக்கு லிஃப்டில் 12-ஆம் தளத்துக்குச் சென்றார். கதவு திறந்தபோது எதிரே தீ இருந்தது. அவர் உயிருடன் திரும்பவில்லை. தீயணைப்புத் துறைக்கு முதல் தகவல் கட்டடத்துக்கு வெளியே இருந்தவர்களிடமிருந்தே சென்றது. நான்கு தளங்களுக்கு மேல் எரிந்து சாம்பலாயின.

1991 பிப்ரவரி 23 அன்று ஃபிலடெல்ஃபியா நகரின் 38 மாடி ஒன் மெரிடியன் பிளாசா கட்டடத்தில் 22-ஆம் தளத்திலிருந்து தீச் சமிக்ஞை எழுந்தது. அதைப் பெற்ற கண்காணிப்பு நிறுவனம் தீயணைப்புத் துறையை அழைக்கவில்லை. உறுதி செய்துகொள்வதற்காகக் கட்டடத்தின் காவலாளியை அழைத்தது. பார்க்கச் சென்ற பணியாளரின் லிஃப்ட் கதவும் வெப்பத்துக்கும் புகைக்கும் நடுவே திறந்தது. கீழிருந்தவர் லிஃப்டைத் திரும்ப இறக்கியதால் அவர் தப்பினார். இங்கும் முதல் தகவலைக் கொடுத்தவர் தெருவில் சென்ற ஒருவர்தாம். அன்றைய தீயில் மூன்று தீயணைப்பு வீரர்கள் மாண்டனர்.

நம் மும்பையிலும் பாடம் உண்டு. 2021 அக்டோபர் 22 அன்று கரி ரோட்டில் 60 மாடிக் குடியிருப்பு ஒன்றின் 19-ஆம் தளத்தில் தீப்பிடித்தது. அங்கு சிக்கிக்கொண்ட காவலாளி ஒருவர் கீழே விழுந்து உயிரிழந்தார். கட்டடத்தின் உள் தீயணைப்பு அமைப்பு அப்போது இயங்கும் நிலையில் இல்லை என்று அதிகாரிகள் தெரிவித்தனர். இயங்காத அமைப்பு ஒரே இரவில் அந்நிலையை அடைவது அரிது. பம்பு, வால்வு, பேட்டரி என ஒவ்வொன்றாகவே பழுதாகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சமிக்ஞை எழும்.

சிவப்பைத் தீயாகவே கொண்டு உடனே அழைக்கவேண்டும்; மஞ்சளைப் பழுதாகக் கொண்டு அன்றே சரிசெய்யவேண்டும். மஞ்சளைப் பாராமல் விட்டுவிடும் இடத்தில் சிவப்பும் நம்பிக்கை இழந்துவிடுகிறது. அதன் பின் "மேலே போய்ப் பார்த்துவிட்டு வா" என்று அனுப்பப்படுபவர் பெரும்பாலும் குறைந்த ஊதியம் பெறும் ஒரு காவலாளியாகவோ பராமரிப்பாளராகவோ இருக்கிறார் என்பதையும் நாம் மறக்கலாகாது.

காவலாளி அறையே கண்காணிப்பு மையம்

கோவண்டியிலும் செம்பூரிலும் மான்குர்த்திலும் பெரும்பாலான குடியிருப்புகளுக்குத் தொலைதூரக் கண்காணிப்பு நிறுவனம் எதுவும் இல்லை. அங்கெல்லாம் காவலாளி அறைதான் கண்காணிப்பு மையம். நிறுவனங்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கை அங்கும் கொண்டுவருவதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. ஒரு பதிவேடும் ஓர் அட்டையும் போதும்.

பேனலுக்கு அருகில், காவலாளிக்குத் தெரிந்த மொழியில் ஓர் அட்டை ஒட்டப்பட வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தால் 101 அல்லது 112 எண்ணை உடனே அழைக்கவும், மக்களை வெளியேற்றவும், லிஃப்டில் ஏறிப் பார்க்கச் செல்லவேண்டாம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். மஞ்சள் விளக்கு எரிந்தால் யாரை அழைப்பது என்பதற்குச் சங்கச் செயலாளர், பராமரிப்பு நிறுவனம், மாற்றுப் பொறுப்பாளர் என மூன்று எண்களேனும் இருத்தல் நலம். அவை இன்றும் பயன்பாட்டில் உள்ளனவா என்று மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அழைத்துப் பாருங்கள். வீடு மாறிப்போன பழைய செயலாளரின் எண்ணை வைத்துக்கொண்டு பயனில்லை.

பதிவேட்டில் தேதி, நேரம், பேனல் காட்டிய செய்தி, அழைக்கப்பட்டவர், பழுது நீங்கிய நேரம் ஆகிய ஐந்தையும் எழுதச் செய்யுங்கள். ஒலியை நிறுத்துவது தவறன்று. எழுதாமல் நிறுத்துவதே தவறு. பணி மாறும் ஒவ்வொரு முறையும் முடிவுறாத பதிவுகளைப் புதிதாக வருபவர் படித்துக் கையொப்பமிடட்டும். சமையற்கட்டின் தாளிப்புப் புகை படும் இடத்திலும் தையற்கூடத்தின் பஞ்சுத்தூசி படியும் இடத்திலும் உள்ள உணர்கருவிகளை அடிக்கடித் தூய்மை செய்யவேண்டும். அங்கு வேறுவகைக் கருவி பொருந்துமா என்று பராமரிப்பாளரிடம் கேளுங்கள்.

சட்டமும் இதையே வலியுறுத்துகிறது. மகாராஷ்டிரத் தீத் தடுப்பு மற்றும் உயிர்ப்பாதுகாப்பு நடவடிக்கைகள் சட்டம், 2006-இன்படி, தீப் பாதுகாப்பு அமைப்புகள் நல்ல நிலையில் உள்ளன என்பதற்கு உரிமம் பெற்ற முகமையின் சான்றைக் கட்டட உரிமையாளர் அல்லது அனுபோகதாரர் ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், தீயணைப்புத் துறையிடம் அளிக்கவேண்டும். 'பி' படிவம் என்று வழங்கப்படும் இச்சான்றைப் பெற முகமையினர் வரும்போது, பதிவேட்டை அவர்கள் முன் வையுங்கள். ஆறு மாதங்களில் எந்தக் கருவி எத்தனை முறை குறைகூறியது என்பது அவர்களுக்கு நல்ல வழிகாட்டியாக அமையும். எச்சரிக்கை அமைப்புகளின் பராமரிப்புக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2189 நெறிமுறையும் உண்டு. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் அதைக் குறிப்பிடச் செய்யலாம். பழுது தெரிவித்த எத்தனை மணி நேரத்துக்குள் வருவார்கள் என்பதும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.

கடனும் காப்பீடும்

சிறுதொழில் செய்யும் நம் வாடிக்கையாளர்கள் பலர் இருப்புச் சரக்கையும் இயந்திரங்களையும் ஈடாகக் காட்டிக் கடன் பெற்றுள்ளனர். ஒரு தையற்கூடம் எரிந்தால் துணியும் இயந்திரமும் மட்டும் போவதில்லை. பண்டிகைக் காலத்துக்கென வாங்கிய முன்பணம், வேலையாட்களின் கூலி, அடுத்த மாதத் தவணை அனைத்தும் கேள்விக்குறியாகின்றன.

ஆகவே காப்பீடு இன்றியமையாதது. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசி, ஓரிடத்தில் 5 கோடி ரூபாய் வரையிலான சொத்து மதிப்புள்ள தொழிலகங்களுக்கானது. வீடுகளுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா' உள்ளது. எந்தப் பாலிசியானாலும், சொத்தைப் பாதுகாக்க நியாயமான முன்னெச்சரிக்கை எடுப்பது காப்பீடு பெற்றவரின் கடமை. தீ எச்சரிக்கை அமைப்பு இருப்பதாக முன்மொழிவுப் படிவத்தில் குறிப்பிட்டிருந்தால், அது இயங்கும் நிலையில் இருக்கவேண்டும். பழுதுகளைக் குறித்து உடனுக்குடன் சரிசெய்ததைக் காட்டும் பதிவேடு, அக்கடமையை நீங்கள் ஆற்றினீர்கள் என்பதற்குச் சான்றாகும். அதன் படி ஒன்றைக் கட்டடத்துக்கு வெளியேயும் வைத்திருங்கள்.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா துறையில் 'ஃபோர்ட் ஸ்டிகைன்' என்னும் கப்பலில் பற்றிய தீ பெருவெடிப்பாக மாறியது. அதில் உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாகவே ஆண்டுதோறும் அந்நாள் தேசியத் தீயணைப்புப் பணி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. நம் கட்டடத்தின் பேனலைப் பார்ப்பதற்கு அந்நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்று மாலை வீடு திரும்பும்போது காவலாளி அறையில் ஒரு நிமிடம் நில்லுங்கள். பச்சை விளக்கு மட்டும் எரிந்தால் நல்லது. மஞ்சள் எரிந்தால், எப்போதிலிருந்து எரிகிறது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த ஒருவர் அங்கு இல்லையென்றால், பதிவேட்டின் முதல் வரியை அன்றே நீங்கள் எழுதித் தொடங்கிவையுங்கள்.